தொள்ளாயிரம் தெரியாத லைப்ரரி

ஒரு லைப்ரரியைக் குப்பை என்று சொல்லித் தள்ளச் செம்மொழிக்கு ஒரு டீ ஆறும் நேரம்கூடத் தேவைப்படாது. தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ரோட்டில், டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்த 'நஞ்சை டெக்' அலுவலகத்தில் எல்லோருக்கும் இது தெரியும். யாராவது வந்து, "அக்கா, இத எடுத்துக்கலாமா?" என்று கேட்டால் திரையைத் தன் பக்கம் திருப்புவாள். நிரலை முதலில் பார்க்க மாட்டாள். புகார்களைப் பார்ப்பாள். பயன்படுத்தியவர்கள் என்ன குறை சொல்லியிருக்கிறார்கள், அதற்கு எழுதியவன் என்ன பதில் சொல்லியிருக்கிறான், பதில் சொன்னானா, ஓடிவிட்டானா. பிறகு சோதனைகள். தான் எழுதியது சரியாக வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்க்கும் நிரலை எழுதாதவன் எழுதிய வேறு எதையும் அவள் படிக்க மாட்டாள். "குப்பை" என்று சொல்லிவிட்டுத் தன் நாற்காலிக்குத் திரும்பிவிடுவாள்.

லைப்ரரி என்றதும் புத்தக அலமாரி நினைவுக்கு வந்தால் அதை மறந்துவிடுங்கள். யாரோ ஒருவர் எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் பொதுவாக வைத்த நிரல்தான் இந்த லைப்ரரி. தேதி கணக்கிட ஒன்று, படம் வரைய ஒன்று, சீட்டு அச்சடிக்க ஒன்று என்று பைத்தான் மொழிக்கு மட்டும் லட்சக்கணக்கில் கிடக்கின்றன. மென்பொருள் எழுதுகிறேன் என்று மார்தட்டுபவர்களில் முக்கால்வாசிப் பேர் இவற்றைப் பொறுக்கி எடுத்து ஒட்டவைப்பவர்கள்தான். பொறுக்குவதில் தப்பில்லை, கண்ணை மூடிக்கொண்டு பொறுக்குவதுதான் தப்பு என்பது செம்மொழியின் கட்சி.

அவளுக்குப் பிடிக்காத பழக்கம் ஒன்று உண்டு. ஒரு லைப்ரரி பிடித்திருந்தால், அது வைக்கப்பட்டிருக்கும் இணையதளத்தில் அதற்கு ஒரு ஸ்டார் போடலாம். எதற்கு அதிக ஸ்டாரோ அதுதான் நல்ல லைப்ரரி என்று ஊரே நம்பியது. "நட்சத்திரப் பொருத்தம் பாத்துக் கல்யாணம் பண்றவங்ககூடப் பத்துப் பொருத்தம் பாக்குறாங்க. இவனுங்க ஒண்ணே ஒண்ணுதான் பாக்குறானுங்க" என்பாள்.

இந்த வெறுப்பு சென்னையில் அவள் வேலை பார்த்த காலத்தில் ஒட்டிக்கொண்டது. அங்கே அவளுடைய குழுத் தலைவன் ஸ்டாரைப் பார்த்து ஒரு லைப்ரரியைத் தேர்ந்தெடுத்தான். அதை எழுதியவன் எப்போதோ கைகழுவிவிட்டுப் போயிருந்தான். தீபாவளி விற்பனையன்று எல்லாம் படுத்தது. அந்த லைப்ரரியைச் சேர்க்கும் வரியைத் தட்டச்சு செய்த கை செம்மொழியுடையது என்பதால் திட்டும் அவளுக்கே வந்தது. தலைவன் அடுத்த மாதம் பதவி உயர்வு வாங்கினான். அதற்குப் பிறகு அவள் சென்னையில் அதிக காலம் இருக்கவில்லை.

சொந்த ஊர் பாபநாசத்துக்குப் பக்கத்தில். அம்மா ராமாயி பிறர் வயலில் நடவு நட்டு, களை எடுத்து அவளைப் படிக்க வைத்தவள். அப்பா ரெத்தினம், எந்த ஊரில் மேடைப் பேச்சு நடந்தாலும் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்க் கேட்டவர். அப்படி ஒரு கூட்டத்திலிருந்து திரும்பிய கையோடு பிள்ளைக்குப் பெயர் வைத்தார். அவர் இறந்த பிறகு அம்மா தனியாக இருந்தாள். செம்மொழி ஊருக்குத் திரும்பி, தினமும் ரயிலில் தஞ்சாவூருக்குப் போய்வந்துகொண்டிருந்தாள்.

நஞ்சை டெக்கின் முதலாளி பரணிதரன். ஒரத்தநாட்டுப் பக்கம் நிலபுலன் உள்ள வீட்டுப் பிள்ளை. சிங்கப்பூரில் சில காலம் வேலை பார்த்துவிட்டு, அங்கே கற்றுக்கொண்ட சொற்களோடு திரும்பியவர். 'எக்கோசிஸ்டம்' என்ற சொல்லைச் சேர்க்காமல் அவரால் ஒரு காபி சொல்ல முடியாது. ரைஸ் மில்களுக்கும் விதைக் கடைகளுக்கும் மென்பொருள் விற்றார். அதை எழுதியது செம்மொழியும் இன்னும் நாலைந்து பேரும். அவர் எழுதியது விளம்பர நோட்டீஸ் மட்டும்.

திருவிடைமருதூருக்கு அருகில் பெரிய ரைஸ் மில் வைத்திருந்த சிங்காரவேலு ஒருநாள் அலுவலகத்துக்கே வந்தார். அவருடைய மில்லில் லாரியோடு நெல்லை எடை போடும் எடைமேடை உண்டு. எடைச்சீட்டில் எண்ணுக்குக் கீழே எழுத்தாலும் எடை அச்சாக வேண்டும், அதுவும் தமிழில் அச்சாக வேண்டும் என்றார்.

"நம்பர்ல ஒரு பூஜ்யம் கூடக்கொறைய இருந்தா யாருக்குத் தெரியும்? எழுத்துல இருந்தா வெவசாயி படிச்சுப் பாத்துட்டுப் போவான். நம்பருக்கும் எழுத்துக்கும் வித்தியாசம் வந்தா எழுத்துதான் செல்லும். எங்க மில்லுல அதான் வழக்கம். இங்கிலீஷ்ல அடிச்சா அவன் என்னத்தப் படிப்பான்?"

"அருமையான ஐடியா சார்" என்றார் பரணிதரன். அன்று மாலையே செம்மொழியின் மேசைக்கு வந்தார். "இதுக்குன்னே ஒரு லைப்ரரி இருக்கு. எண்ணமுது. நம்பரக் குடுத்தா தமிழ்ல எழுதிக் குடுக்கும். வளவன் எழுதுனது. எவ்ளோ ஸ்டார் தெரியுமா? நோட்டீஸ்ல அவர் பேரப் போட்டா நமக்கே ஒரு மரியாத."

வளவனைத் தெரியாதவர் இருக்க முடியாது. கும்பகோணத்துக்காரர், சென்னையில் இருக்கிறார், தமிழும் கணினியும் என்று எந்த ஊரில் கூட்டம் போட்டாலும் மேடையில் இருப்பார். எண்ணமுதின் முகப்புப் பக்கத்தில் யாழின் படம் இருந்தது. அதற்குக் கீழே வளவனின் படம் இருந்தது. அதற்குக் கீழே, பாராட்டியவர்களின் படங்கள் இருந்தன. எப்படிப் பயன்படுத்துவது என்ற விளக்கம் அதற்கெல்லாம் கீழே, ஒரு பத்தியில் இருந்தது.

செம்மொழி அதைத் தன் கணினியில் இறக்கி, தொள்ளாயிரம் என்று எண்ணால் கொடுத்தாள். திரையில் வந்தது: ஒன்பது நூறு.

அவள் சிரித்ததை அந்த அலுவலகம் அன்றுதான் பார்த்தது. பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து வந்தார்கள். நூற்றைந்தைக் கொடுத்தாள். 'ஒரு நூறு மற்றும் ஐந்து' என்றது. ஒரு லட்சத்தைக் கொடுத்தாள். 'நூறு ஆயிரம்' என்றது. வெள்ளைக்காரனுக்கு வேட்டி கட்டிவிட்ட மாதிரி, ஆங்கிலக் கணக்கை அப்படியே வைத்துக்கொண்டு சொல்லை மட்டும் மாற்றியிருந்தார் வளவன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை இப்படிச் சொன்னால் வாத்தியார் பெஞ்சு மேல் ஏற்றுவார். இதற்கு ஆயிரக்கணக்கில் ஸ்டார்.

புகார்ப் பக்கத்துக்குப் போனாள். பல ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர், 'ஐயா, தொள்ளாயிரம் என்று வர வேண்டும்' என்று பணிவாக எழுதியிருந்தார். யாரும் பதில் சொல்லவில்லை. கொஞ்ச காலம் கழித்து ஒரு தானியங்கி நிரல் வந்து, 'நெடுநாள் அசைவில்லாததால் இந்தப் புகார் மூடப்படுகிறது' என்று மூடிவிட்டுப் போயிருந்தது. வேறொருவர் எழுதினார். அதுவும் மூடப்பட்டது. காரைக்காலிலிருந்து ஒருவர் கொஞ்சம் கோபமாகவே எழுதியிருந்தார். கோபத்துக்கும் அதே தானியங்கிதான் வந்தது.

செம்மொழி அந்த வாரம் முழுவதும் ரயிலில் உட்கார்ந்து திருத்தம் எழுதினாள். தொள்ளாயிரத்துக்கும் லட்சத்துக்கும் வழி செய்து, சோதனைகளும் சேர்த்து வளவனுக்கு அனுப்பினாள். வளவன் ஒரு சிவப்பு இதயத்தைப் போட்டார். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

"சார், இது வேண்டாம். குப்பை" என்றாள் பரணிதரனிடம்.

"எல்லாத்தையும் குப்பைன்னா எப்படி செம்மொழி? நோட்டீஸ் அடிச்சாச்சு. அவர் அடுத்த வாரம் தஞ்சாவூருக்குத்தான் வர்றாரு. நீங்களும் வாங்க. நேர்ல பேசுங்க."

கூட்டம் ஒரு ஓட்டல் அரங்கில் நடந்தது. வளவன் பட்டு வேட்டியில் வந்திருந்தார். திரையில் எண்ணமுதின் ஸ்டார் எண்ணிக்கை வளரும் படத்தைக் காட்டினார். தமிழ் இனி கணினியில் தலைநிமிரும் என்றார். கைதட்டினார்கள். கேள்வி நேரம் வந்ததும் செம்மொழி ஒலிவாங்கியை வாங்கினாள்.

"உங்க லைப்ரரியில தொள்ளாயிரம்னு ஏன் வரல?"

வளவன் சிரித்தார். "நல்ல கேள்வி. மொழிங்கறது மாறிக்கிட்டே இருக்குங்க. வெளிநாட்டுல வளர்ற நம்ம பிள்ளைங்களுக்கு ஒன்பது நூறுன்னாதான் சுலபமாப் புரியும்."

"அந்தப் பிள்ளைங்க திருவிடைமருதூர்ல நெல்லு எடை போடுறதில்லைங்க. உங்க வீட்ல தொள்ளாயிரத்த எப்படிச் சொல்லுவீங்க?"

அரங்கத்தில் யாரோ வாய்விட்டுச் சிரித்தார்கள். வளவனின் முகம் சிறுத்தது. "இது திறந்த மூலம், யார் வேணும்னாலும் திருத்தலாம். சமூகம் பங்களிக்கணும். குறை சொல்றது சுலபம்."

"பங்களிச்சு அனுப்பியிருக்கேன். நீங்க இதயம் போட்டீங்க."

இப்போது பலர் சிரித்தார்கள். பரணிதரன் அவளுடைய கையிலிருந்த ஒலிவாங்கியை வாங்கி, வளவன் தஞ்சை மண்ணுக்குக் கிடைத்த பெருமை என்று இரண்டு வாக்கியம் பேசிவிட்டு உட்கார்ந்தார்.

மேடையில் பட்ட அவமானம் வளவனை வேலை செய்ய வைத்தது. அதுதான் வினையாகப் போயிற்று. ஊர் போய்ச் சேர்வதற்குள் அவசர அவசரமாகத் திருத்தம் ஒன்றை எழுதி வெளியிட்டார். செம்மொழி அனுப்பியதை எடுத்து வைத்திருந்தால் போதும். ஒரு பெண்ணிடம் தோற்றதாக ஆகிவிடுமே! தானே எழுதினார். ஒன்பதுக்கு அடுத்து தொண்ணூறு, அதற்கு அடுத்து தொள்ளாயிரம். ஒருபடி இறங்கித் தொள்ளாயிரம் வர வேண்டிய இடத்தில் தொண்ணூறு என்று போட்டுவிட்டார். சோதிக்கவில்லை. சோதிப்பது வளவனின் வழக்கமும் இல்லை. 'சரிசெய்தாயிற்று' என்று பரணிதரனுக்குச் செய்தி அனுப்பினார். பரணிதரன் செம்மொழியைக் கேட்காமல், வேறொரு ஆளை வைத்துச் சிங்காரவேலுவின் மில்லில் அதை ஏற்றிவிட்டார்.

ஒன்பது நூறு என்பது கேலிக்கூத்து. படிப்பவன் சிரிப்பான், ஆனால் எடை தப்பாது. தொண்ணூறு அப்படியில்லை. பார்க்க ஒழுங்கான தமிழ். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

சம்பா அறுவடை தொடங்கியிருந்த நேரம். பன்னிரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோ நெல்லோடு ஒரு லாரி மில்லுக்கு வந்தது. சீட்டில் எண் சரியாக இருந்தது. எழுத்து, 'பன்னிரண்டாயிரத்துத் தொண்ணூறு' என்றது. மில் கணக்குப்பிள்ளை வழக்கப்படி எழுத்தைப் பார்த்துப் பதிந்தார். நெல்லுக்காரர் சீட்டைப் படித்தார். எண்ணூறு கிலோவுக்கு மேல் எங்கேயப்பா போயிற்று என்று கத்தினார். பின்னால் நின்ற லாரிக்காரர்கள் தங்கள் பழைய சீட்டுகளை எடுத்துப் பார்த்தார்கள். இரண்டு பேருடைய சீட்டில் அதே தொண்ணூறு. எடைமேடையைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. கணக்குப்பிள்ளையின் சட்டையைப் பிடித்துவிட்டார்கள்.

செய்தி வந்ததும் பரணிதரனும் செம்மொழியும் காரில் போனார்கள். கூட்டம் கலைந்திருந்தது. சிங்காரவேலு தன் அறையில் அந்தச் சீட்டை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாங்க என்று சொல்லவில்லை.

"எங்கப்பா காலத்துலேர்ந்து மில்லு ஓட்டுறோம். திருடன்னு யாரும் சொன்னதில்ல. ஒங்க கம்ப்யூட்டரு ஒரே சீட்டுல சொல்ல வச்சிருச்சு."

"சின்ன பக் சார். வளவன் சார்கிட்ட பேசிட்டேன். எக்கோசிஸ்டத்துல இதெல்லாம்..." என்று தொடங்கினார் பரணிதரன்.

"தம்பி, கொஞ்சம் சும்மா இருங்க" என்றார் சிங்காரவேலு. செம்மொழியின் பக்கம் திரும்பினார். "ஏம்மா, ஒங்க கம்ப்யூட்டருக்குத் தொள்ளாயிரம்னா என்னன்னு தெரியாதா?"

"தெரியாதுங்க. எழுதுனவருக்குத் தெரிஞ்சாத்தானே அதுக்குத் தெரியும்."

"நீ சொல்லிக் குடுக்க மாட்டியா?"

"குடுக்குறேங்க. கொஞ்ச நாள் பழையபடி நம்பர மட்டும் அடிங்க."

காரில் ஏறியதும் பரணிதரன் கேட்டார், "நீங்க ஏன் முன்னாடியே செக் பண்ணல?" செம்மொழி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தானே எழுதிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். எழுத எழுதத்தான் தெரிந்தது. இருபத்தொன்று, ஆனால் இருபத்தோராயிரம். நூறு, ஆனால் நூற்றைந்து. பேச்சில் ஐந்தாயிரம், எழுத்தில் ஐயாயிரம். வாயில் தானாக வருகிற ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி எழுத வேண்டியிருந்தது. அவசரத்தில் எழுதினால் தான் எழுதுவதும் இன்னொரு எண்ணமுதாகத்தான் ஆகும். இந்த மொழியைப் பேசுகிற இத்தனை கோடிப் பேரில் ஒருவராவது பொறுமையாக உட்கார்ந்து இதைச் செய்திருக்க மாட்டாரா என்று தேடத் தொடங்கினாள்.

தேடியதில் அவளுடைய வாய் இன்னும் கெட்டது. ஒன்று எண்ணமுதை அப்படியே நகலெடுத்து, வளவன் பெயரை அடித்துத் தன் பெயரைப் போட்டுக்கொண்டது. வளவனுடைய பிழைகளும் கூடவே போயிருந்தன. திருடுகிறவன் எதையும் பார்த்தா திருடுவான்? இன்னொன்று யாரோ கல்லூரிக் கடைசி வருஷத்தில் மதிப்பெண்ணுக்காகச் செய்து போட்டது. ஐம்பதோடு நின்றுவிட்டது, பாஸ் ஆகிவிட்டான் போலிருக்கிறது. ஒன்றில் விளக்கம் மட்டும் பல பக்கத்துக்கு இருந்தது, இயந்திரத்தை விட்டு எழுத வைத்த விளக்கம். உள்ளே திறந்தால் நிரலே இல்லை. விரைவில் வரும் என்று எழுதியிருந்தது. அந்த விரைவில் என்பது சில வருஷங்களுக்கு முந்தையது.

கடைசியில் 'எண்ணுப்பெயர்' என்று ஒன்று கண்ணில் பட்டது. முகப்பில் படம் கிடையாது. இரண்டு வரி விளக்கம். ஸ்டார் விரல்விட்டு எண்ணலாம். எழுதியவர் பெயர் ஹுமைரா. செம்மொழி வழக்கம்போல் டீயைக் கையில் வைத்துக்கொண்டு திறந்தாள். நிரலைவிடச் சோதனைகள் நீளமாக இருந்தன. இருபத்தோராயிரம் இருந்தது. ஐயாயிரமா ஐந்தாயிரமா, வேண்டியதைத் தேர்ந்தெடுக்க வழி இருந்தது. ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில் அது ஏன் என்று ஒரு வரி. ஓரிடத்தில், 'இது எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. தெரிந்தவர் சொல்லவும்' என்று எழுதியிருந்தது. டீ ஆறி ஏடு கட்டியது. தெரியவில்லை என்று எழுதிய ஒரு நிரலாளரை அவள் அன்றுதான் பார்த்தாள்.

ஆனால் அதில் உரிமம் இல்லை. எழுதியவர் இன்ன நிபந்தனையோடு எடுத்துக்கொள்ளலாம் என்று உரிமம் ஒன்றை வைத்தால்தான் பிறர் எடுக்கலாம். பொதுவில் கிடக்கிறது என்பதற்காக எடுத்தால் அது அடுத்தவர் தோப்புத் தேங்காய். செம்மொழி மின்னஞ்சல் அனுப்பினாள். பதில் இல்லை. மறுபடியும் அனுப்பினாள். சோதனைகளில் உதாரணமாக மதுக்கூர்த் தேங்காய் மண்டி ஒன்றின் பெயர் இருந்ததைப் பிடித்துக்கொண்டு, விசாரித்து, பட்டுக்கோட்டைக்குப் பஸ் ஏறினாள். அங்கிருந்து மதுக்கூர்.

மண்டியில் தேங்காய் மலையாகக் குவிந்திருந்தது. உள்ளே மேசையில் கணினிக்கு முன்னால், முக்காட்டைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். செம்மொழியின் வயதுதான் இருக்கும்.

"ஹுமைராங்களா? நான் செம்மொழி. பாபநாசத்துலேர்ந்து வர்றேன். மெயில் போட்டிருந்தேன்."

"பாத்தேன்."

"பதில் வரலையேன்னு..."

"போடல. அதான் வரல."

செம்மொழிக்கு இந்தத் தொனி தெரிந்த தொனிதான். இதுவரை அதைத் தன் வாயிலிருந்துதான் கேட்டிருக்கிறாள். எதிரில் நின்று கேட்டது இதுவே முதல் தடவை. உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்தாள்.

"உங்க லைப்ரரிய எங்க வேலைக்கு எடுத்துக்கலாமான்னு கேக்க வந்தேன். லைசென்ஸ் வைக்காம விட்டிருக்கீங்க."

ஹுமைரா அப்போதுதான் திரையிலிருந்து கண்ணை எடுத்தாள். "அதக் கேக்கவா வந்தீங்க? எல்லாரும் கேக்காமத்தானே எடுத்துக்கிட்டுப் போறாங்க." கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள், "எங்க அத்தா மண்டிச் சீட்டுக்காகத்தான் எழுதுனேன். நல்லாருக்கேன்னு பொதுவுல வச்சேன். ஒரு கம்பெனிக்காரன் எடுத்துக்கிட்டான். அப்புறம் ராத்திரியும் பகலுமா மெசேஜ். அதச் சேருங்க, இதச் சேருங்க, அவசரம், கஸ்டமர் காத்துக்கிட்டிருக்கான். அத்தா மவுத்தாகி அடக்கம் பண்ணுன வாரம் அது. பதில் போடல. பொறுப்பில்லாத பொம்பளன்னு எல்லாரும் பாக்குற எடத்துல எழுதிட்டுப் போனான். அன்னையோட விட்டுட்டேன்."

"அவன் கெடக்கான். உங்களோடது நான் பாத்ததுலயே சுத்தமானது."

"தெரியும்" என்றாள் ஹுமைரா. "நீங்க இத்தன வருஷமா எத்தனையோ பேரு எழுதுனத எடுத்து வேல பாத்திருப்பீங்க. யாருக்காவது நல்லாருக்குன்னு ஒரு வரி எழுதியிருக்கீங்களா?"

"தப்பு இருந்தா எழுதியிருக்கேன்."

"அத எவனும் எழுதுவான்."

செம்மொழிக்குச் சுருக்கென்றது. குப்பை என்று சொல்லாமல் விடுவதே தான் தருகிற பாராட்டு என்று நினைத்திருந்தாள். அவள் தினமும் எடுத்து வேலை பார்த்த எத்தனையோ நல்ல லைப்ரரிகளை எழுதியவர்களில் ஒருவர் பெயர்கூட நினைவுக்கு வரவில்லை. கெட்டதை எழுதியவர்கள் பெயரெல்லாம் நாக்கு நுனியில் இருந்தன.

"இல்ல" என்றாள். "எழுதுனதில்ல."

அந்தப் பதில் ஹுமைராவுக்குப் பிடித்திருக்க வேண்டும். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். "லைசென்ஸ் வைக்கிறேன். ஆனா எவன் கேள்விக்கும் நான் பதில் சொல்ல மாட்டேன். வர்ற கேள்விக்கெல்லாம் நீங்க பதில் சொல்லணும். சம்மதமா?"

"நானா?"

"பின்ன? தேடத் தெரிஞ்சா மட்டும் போதுமா?"

சம்மதம் என்றாள் செம்மொழி. ஹுமைரா அங்கேயே, அந்த மேசையிலேயே உரிமத்தை ஏற்றினாள். எழுதியவர் பெயரை நீக்காமல் யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்பது மட்டும்தான் நிபந்தனை. பராமரிப்பவர் என்ற இடத்தில் செம்மொழியின் பெயரைச் சேர்த்தாள். அதன் பிறகுதான், "டீ சாப்புடுறீங்களா?" என்று கேட்டாள்.

மில்லில் எண்ணுப்பெயர் ஏறியது. சிங்காரவேலு தானே எடைமேடையில் நின்று சீட்டுகளைப் படித்துப் பார்த்தார். ஒன்றும் தப்பவில்லை. பணியாளர் ஒருவர் மூலம் அலுவலகத்துக்கு ஒரு மூட்டை பொன்னி அரிசி அனுப்பினார். பரணிதரன் அதைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார்.

அதோடு விட்டிருக்கலாம். புதிய நோட்டீஸ் வந்தது. வளவனின் பெயர் போய்விட்டது. அந்த இடத்தில், 'நஞ்சை டெக்கின் சொந்தக் கண்டுபிடிப்பு' என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

செம்மொழி அதை எடுத்துக்கொண்டு அவருடைய அறைக்குப் போனாள். "சார், இது ஹுமைரா எழுதுனது."

"ஓப்பன் சோர்ஸ்தானே? யாருதுன்னு போட்டா என்ன, போடாட்டி என்ன?"

"யாருதுன்னு போடணும்ங்கறதுதான் சார் அதுல இருக்கற ஒரே நிபந்தனை."

"மதுக்கூர்த் தேங்கா மண்டியில எழுதுனதுன்னு போட்டா எவன் சார் வாங்குவான்?" என்றார் பரணிதரன். கோபத்தில் அவளையே சார் என்று கூப்பிட்டுவிட்டார். "உங்களுக்குக் குத்தம் கண்டுபிடிக்கறதத் தவிர ஒண்ணும் தெரியாது."

"கண்டுபிடிக்கறதுக்கு இங்க அதுதானே சார் கெடைக்குது."

அன்று மதியமே நிறுவனத்தின் இணையப் பக்கத்தில், அந்த விளம்பரத்துக்குக் கீழே, எழுதியவர் ஹுமைரா என்று தன் பெயரில் ஒரு வரி போட்டாள். நீக்கச் சொன்னார். மாட்டேன் என்றாள். மாலையில், இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு ரயிலேறிவிட்டாள். அடுத்த நாள் அந்த வரியைப் பரணிதரனே நீக்கிவிட்டார். சிங்காரவேலுவிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். மில் சீட்டின் அடியில் அதை எழுதிய பிள்ளையின் பெயர் அச்சாக வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் சொல்லவும், பரணிதரனுக்கு நிபந்தனை உடனே புரிந்துவிட்டது.

வீட்டில் ராமாயி கேட்டாள், "சண்ட போட்டியா?"

"இல்லம்மா. சொன்னேன். கேக்கல. வந்துட்டேன்."

"அதத்தான் சண்டைங்கறது" என்றாள் ராமாயி. "நல்லதுதான். அந்தாளு பேச்ச நீ வீட்டுக்கு வந்து சொல்லும்போதே எனக்குப் பத்திக்கிட்டு வரும்."

இப்போது செம்மொழி வேறொரு வெளியூர் நிறுவனத்துக்குப் பாபநாசத்து வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். எண்ணமுதுக்கு ஸ்டார் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. அதைப் பாராட்டி வளவனுக்கு ஏதோ ஒரு சங்கம் விருது கொடுத்தது. எண்ணமுது இப்போது தொள்ளாயிரத்தைச் சரியாகச் சொல்கிறது. வளவன் தன் நிரலைத் தூக்கிப் போட்டுவிட்டு, உள்ளே எண்ணுப்பெயரை வைத்துக்கொண்டார். ஹுமைராவின் பெயர் முகப்புப் பக்கத்தின் அடியில், பாராட்டியவர்களின் படங்களுக்கெல்லாம் கீழே, கண்ணாடி போட்டால் தெரிகிற எழுத்தில் இருக்கிறது. நிபந்தனை அவ்வளவுதான் என்பதால் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. விருது மேடையில் அவள் பெயரை அவர் சொல்லவில்லை. சொல்வார் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை.

கேள்விகள் செம்மொழிக்கு வருகின்றன. 'அவசரம் சகோ' என்று தொடங்குபவைதான் அதிகம். விளக்கத்தின் முதல் வரியிலேயே பதில் இருக்கும் கேள்விகளுக்கு, முதல் வரியைப் படிக்கவும் என்று பதில் எழுதுகிறாள். திட்டிவிட்டுப் போகிறார்கள். தானியங்கி வைத்து மட்டும் எந்தப் புகாரையும் மூடியதில்லை. மூடுவதானால் ஏன் என்று எழுதித் தன் கையால் மூடுவாள்.

சென்ற மாதம் பினாங்கிலிருந்து ஒரு தமிழாசிரியை எழுதியிருந்தார். 'ஒரு இலட்சம்' என்று அச்சாகிறது, உயிரெழுத்துக்கு முன் 'ஓர்' தானே வர வேண்டும் என்று கேட்டிருந்தார். செம்மொழி ஹுமைராவுக்குப் போன் போட்டாள்.

"லட்சம்னு மாத்திட்டா ஒருன்னே இருக்கலாம். எவன் இலட்சம்னு பேசுறான்?" என்றாள் செம்மொழி.

"பேசுறதுக்கா எழுதுனோம்? அச்சுல இலட்சம்தான். ஓர்னு மாத்துங்க."

"மில்லுக்காரவங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். அந்த டீச்சரு சொல்றது சரி."

இருவரும் அரை மணி நேரம் போட்ட சண்டையில் ஒன்றும் முடியவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று பினாங்குக்கு எழுதச் செம்மொழி உட்கார்ந்தபோது, அங்கே ஏற்கெனவே ஒரு பதில் இருந்தது. எவன் கேள்விக்கும் பதில் சொல்ல மாட்டேன் என்றவள், போனை வைத்த கையோடு எழுதியிருந்தாள்: 'நீங்கள் சொல்வதே சரி. நன்றி. இரண்டுக்கும் வழி செய்கிறோம்.'